எண்களால் காயப்பட்டோம், அதற்காக எண்களை வெறுக்கலாமா?

ஐந்து மாதங்களுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த பள்ளிவாசல்களின் கதவுகள் 2020 செப்டம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் திறக்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ். ரமளானை வீட்டுக்குள் கழித்தோம். நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் ஈத்காவுக்குப் போகாமல் வீட்டு முற்றத்திலும் கூடத்திலும் தொழுதோம். எத்தனையோ குடும்பங்கள் தங்கள் பெரியவர்களின் ஜனாஸாவில் கூடக் கலந்துகொள்ள முடியாமல் தவித்தன. அந்த நாட்களுக்குப் பிறகு அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நாம் மீண்டும் ஸஃப்பில் நிற்கவிருந்தோம், ஆறடி இடைவெளி விட்டு.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கவலையும் இருந்தது. நம் மஹல்லாக்களில் காய்ச்சலை மறைக்கும் வழக்கம் ஒன்று உருவாகியிருந்தது. வீட்டு வாசலுக்குக் காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வந்த மாநகராட்சிப் பணியாளரிடம், "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். உள்ளே வாப்பா மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தார். "டெஸ்ட் எடுத்தா தெருவுல தகரம் அடிச்சிருவாங்க, நம்ம பேரு வெளியே வந்துரும்" என்ற பயம். மூச்சுத் திணறல் வந்த பிறகு, நள்ளிரவில், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அதற்குள் பல நேரங்களில் காலம் கடந்துவிட்டது.

இந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஏப்ரல் மாதத்து மாலைகளில், தொலைக்காட்சித் திரையில் வந்த எண்கள் தந்த பயம் அது. அந்த எண்கள் என்ன சொன்னன, என்ன சொல்லவில்லை என்பதை இன்று நிதானமாகப் பார்த்தாக வேண்டும். ஏனென்றால் அன்று பட்ட காயத்தை ஆற்றாமல் விட்டால், அது நம் உயிரையே எடுக்கும்.

ஏப்ரல் மாலைகள்

ஏப்ரல் 1 அன்று தமிழகத்தில் புதிதாகத் தொற்று உறுதியானவர்கள் 110 பேர். அன்றைய சுகாதாரத்துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் செய்தியாளர்களிடம் சொன்னது: இந்த 110 பேருமே டெல்லி மாநாட்டுக்குச் சென்று வந்தவர்கள். அடுத்த நாள் 75 பேர், அவர்களில் 74 பேர் டெல்லி தொடர்பு. மூன்றாம் நாள் 102 பேர், அவர்களில் 100 பேர். ஏப்ரல் 3 மாலையில் தமிழகத்தின் மொத்த எண்ணிக்கை 411.

இந்தக் கணக்கைப் பார்த்த சாதாரண மனிதர் என்ன நினைப்பார்? "நோயே இவர்களிடம்தான் இருக்கிறது" என்றுதான் நினைப்பார். அப்படித்தான் நினைத்தார்கள். காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டார்கள். வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். பழைய, சம்பந்தமில்லாத காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. அவற்றில் பல பொய்யானவை என்று ஆல்ட் நியூஸ் போன்ற உண்மை கண்டறியும் தளங்கள் ஆதாரத்தோடு காட்டியும், பொய் போன தூரத்துக்கு உண்மை போகவில்லை.

ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இன்னொரு கணக்கைச் சொன்னது. நாடு முழுவதும் 14,378 தொற்றுகளில் 4,291, அதாவது 29.8 விழுக்காடு, ஒரே நிகழ்வோடு தொடர்புடையவை. தமிழகத்தில் மட்டும் அது 84 விழுக்காடு.

84 விழுக்காடு! அந்த எண் பொய்யா? இல்லை. எண் சரியானது. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி வேறு, மக்கள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு.

யாரைத் தேடினார்களோ, அவர்களே கிடைத்தார்கள்

மார்ச் மாதத்தில் யாருக்கெல்லாம் கொரோனா பரிசோதனை செய்யப்பட்டது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அன்றைய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வந்து அறிகுறி தென்பட்டவர்கள், தொற்று உறுதியானவரோடு நெருங்கிப் பழகியவர்கள், கடுமையான சுவாசக் கோளாறோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், அறிகுறி உள்ள மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்குத்தான் பரிசோதனை. தெருவில் சாதாரணக் காய்ச்சலோடு நடந்த ஒருவருக்குப் பரிசோதனையே கிடையாது. கருவிகளும் ஆய்வகங்களும் குறைவாக இருந்த காலம் அது.

அந்த நிலையில் டெல்லி சென்று வந்தவர்களை மாவட்டம் மாவட்டமாகத் தேடிப் பிடித்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரிசோதித்தார்கள். பலர் தாமாகவே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். ஆக, அன்று அதிகமாகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் யாரோ, அவர்களிடம்தான் தொற்று அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு குளத்தின் ஒரே மூலையில் மட்டும் வலை வீசிவிட்டு, "குளத்து மீனெல்லாம் இந்த மூலையில்தான் இருக்கிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பிறகு அந்தக் கணக்கு என்ன ஆனது? ஏப்ரல் 18 அன்று தமிழகத்தின் மொத்தத் தொற்று 1,372. அதில் 84 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1,150 பேர். ஆகஸ்ட் முடிவில் தமிழகத்தின் மொத்தத் தொற்று 4,28,000-ஐத் தாண்டிவிட்டது. அதே 1,150 பேர் இந்த மொத்தத்தில் அரை விழுக்காடு கூட இல்லை, சுமார் 0.3 விழுக்காடுதான். ஆட்கள் மாறவில்லை. அவர்களுக்கு வந்த நோயும் மாறவில்லை. வலை மட்டும் குளம் முழுவதும் வீசப்பட்டது.

ஏப்ரலில் தொலைக்காட்சி விவாதங்களில் "84 விழுக்காடு" என்று முழங்கியவர்கள் யாரும் இந்த 0.3-ஐச் சொல்ல மறுபடி வரவில்லை.

பெயரை நீக்கினார்கள், காயம் நீங்கவில்லை

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்வோம். "எந்தச் சமுதாயத்தையும் பகுதியையும் நோய் பரவலுக்குக் காரணமாக முத்திரை குத்தாதீர்கள்" என்ற கருத்தில் மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரல் 8 அன்று அறிவுரை வெளியிட்டது. தொற்றாளர்களை மதத்தின் பெயரால் பிரிக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. தமிழக அரசும் மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டு, "ஒரே இடத்திலிருந்து பரவியது" என்று அறிக்கையின் சொல்லை மாற்றிக்கொண்டது. ஆனால் எந்த இடம் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த மாதமே கோயம்பேடு வந்தது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று திடீரென அறிவித்தார்கள். நான்கு நாளும் கடை இல்லை என்றதும் ஏப்ரல் 25 அன்று மக்கள் சந்தைகளில் முண்டியடித்தார்கள். கூட்டத்தைத் தடுக்கப் போட்ட விதியே கூட்டத்தைக் கூட்டியது. மே 4 அன்று ஒரே நாளில் 527, மே 6 அன்று 771. கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியது. சந்தையை மூட வேண்டியதாயிற்று.

கோயம்பேட்டு வியாபாரிகளையும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் நாம் குறை சொல்லக்கூடாது. பிழைப்புக்கு வந்தவர்கள் அவர்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: சந்தையில் பரவியபோது அது நோய்த் தொற்று, பள்ளிவாசலில் பரவியபோது மட்டும் அது எப்படிச் சதியானது?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் ஒரு பதில் தந்திருக்கிறது. ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. பெருந்தொற்று நேரத்தில் அரசு பலிகடாவைத் தேடுகிறது என்றும், இவர்கள் அவ்வாறு பலிகடா ஆக்கப்பட்டிருக்க வாய்ப்பிருக்கிறது என்றும், ஊடகங்களில் இவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் தீர்ப்பில் குறிப்பிட்டது. அதற்கு முன்பே ஜூன் மாதத்தில் நம் மதுரைக் கிளையும் வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்கில், அவர்கள் பட்ட துன்பம் போதும் என்ற நிலையை எடுத்தது.

நம் பக்கத்துத் தவறு

இதையெல்லாம் சொல்லும்போது நம் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. மார்ச் 13 அன்று மத்திய அரசு "இது சுகாதார அவசரநிலை அல்ல" என்று சொன்னது உண்மைதான். ஆனாலும் பல நாட்டவர் கூடும் ஒரு கூட்டத்தை அந்த வாரத்தில் ஒத்திவைத்திருக்கலாம். மலேசியாவின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் கூட்டத்திலிருந்து நோய் பரவிய செய்தி அப்போதே வரத் தொடங்கியிருந்தது. ஒத்திவைத்திருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் வந்துவிட்டால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற வழிகாட்டுதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து பெற்ற சமுதாயம் நாம். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும், தோழர்களோடு ஆலோசித்துப் பாதி வழியில் திரும்பியவர் கலீஃபா உமர் (ரலி). இந்த வரலாற்றை ஜும்ஆ பயானில் கேட்டு வளர்ந்த நமக்கு, "நமக்கெல்லாம் வராது" என்ற அலட்சியம் எங்கிருந்து வந்தது?

வதந்தியிலும் நமக்குப் பங்கு உண்டு. "பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் திரும்பி வரமுடியாது", "கணக்கெடுக்க வருபவர்கள் என்.பி.ஆர். எடுக்கிறார்கள்" என்று நம் குழுக்களிலேயே குரல்பதிவுகள் ஓடின. பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் அமர்ந்து போராடிய நம் தாய்மார்கள், கொரோனாவுக்காக மார்ச்சில்தான் எழுந்து வந்திருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் வீட்டு விவரம் கேட்டு யார் வந்தாலும் அச்சம் வந்தது இயல்பு. ஆனால் அந்த அச்சத்தை ஊதிப் பெருக்கியவர்கள் சமுதாயத்துக்கு நன்மை செய்யவில்லை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை, தொலைக்காட்சிக்காரர்களுக்கு மட்டுமல்ல, நம் வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கும் உண்டு.

விதிகள் மாறும்போது

விதிகளின் கதைக்கு வருவோம். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை விதிகள்! மே 7 அன்று டாஸ்மாக் திறந்தது. மே 8 அன்று உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, மே 16 அன்று மறுபடி திறந்தது. சென்னையிலும் ஆகஸ்ட் 18 முதல் மதுக்கடை திறந்தாயிற்று. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவான சிறிய வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். "கொரோனா வருமானம் பார்த்தா வரும்?" என்று மக்கள் சிரித்தார்கள். சிறிய தலங்களில் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதுதான் நோக்கமாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் காரணத்தை மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்களா?

புதிய நோயில் விதிகள் மாறுவது தவறல்ல. முகக்கவசம் எல்லோருக்கும் தேவையில்லை என்று முதலில் சொன்ன மருத்துவ உலகம், பிறகு எல்லோரும் அணியச் சொன்னது. தெரிந்தது கூடும்போது அறிவுரை மாறும். காரணம் சொல்லாமல் மாற்றுவதும், ஒருவருக்கு ஒரு விதி இன்னொருவருக்கு ஒரு விதி என்று தோன்றும்படி நடப்பதும்தான் நம்பிக்கையைக் கெடுக்கின்றன. சாத்தான்குளத்தில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், உயிரோடு வீடு திரும்பவில்லை. உயிரைக் காக்கப் போட்ட விதி எப்படி அமலானது என்பதை நாடே பார்த்தது.

எண்களிலும் இதே கதைதான். சென்னையின் இறப்புக் கணக்கு குறைவாகக் காட்டப்படுகிறது என்று ஜூன் மாதத்தில் புகார் எழுந்தது. குழு அமைத்து ஆய்வு செய்தபின், ஜூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகளை அரசே சேர்த்தது. 444 வீடுகளின் துக்கம் அதுவரை கணக்கில் இல்லாமல் இருந்தது. தாமதமானாலும் திருத்தினார்கள் என்பதை ஒப்புக்கொள்வோம். முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் மக்களின் நம்பிக்கை குலைந்திருக்காது என்பதையும் சொல்வோம்.

மாலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

2020-இல் தினமும் மாலை வந்த அறிக்கையைப் பார்த்துப் பயப்படுவதும் தவறு. "எல்லாம் பொய்" என்று ஒதுக்குவதும் தவறு. மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்து எத்தனை பேருக்குத் தொற்று என்பது. ஜூன் 30 அன்று புதிய தொற்று 3,943. பரிசோதனை சுமார் 30,000. நூற்றுக்கு 13 பேர். ஆகஸ்ட் முடிவில் தினமும் ஏறத்தாழ 6,000 தொற்று. பரிசோதனை சுமார் 75,000. நூற்றுக்கு 8 பேர். எண்ணிக்கை கூடியிருந்தது, விகிதம் குறைந்திருந்தது. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் நிலைமை மோசமாகிவிட்டது என்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் வலை பெரிதாகியிருப்பது தெரியும்.

இரண்டாவது, இன்றைய எண் இன்றைய நிலையல்ல. கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரியவே இரண்டு முதல் பதினான்கு நாள் ஆகும். பிறகு பரிசோதனை, அதன் பிறகு முடிவு. எனவே ஒரு வெள்ளிக்கிழமை நாம் கவனக்குறைவாகக் கூடினால், அதன் விளைவு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும்தான் எண்ணாக வரும். "பள்ளி திறந்து மூணு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிட வேண்டாம்.

மூன்றாவது, மொத்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. குணமடைந்தவர்களும் அதில் சேர்ந்தே இருப்பார்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அன்றைய இறப்பு எத்தனை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் முடிவுக்குள் தமிழகத்தில் 7,000-க்கும் அதிகமானோரை நாம் இழந்திருந்தோம். அவர்களில் நம் ஆலிம்களும், ஜமாஅத் பெரியவர்களும், உம்மாமார்களும் இருக்கிறார்கள்.

இப்போது நாம் செய்ய வேண்டியது

காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் மறைக்காமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாது. மூச்சுத் திணறல் தெரிவதற்கு முன்பே இரத்தத்தில் ஆக்சிஜன் குறையலாம். ஜமாஅத் பைத்துல்மாலில் இரண்டு மூன்று ஆக்சிமீட்டர் கருவி வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாம். மஹல்லாவில் ஒரு வீட்டைத் தனிமைப்படுத்தினால், அந்த வீட்டுக்குப் பால், காய்கறி, மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்க வேண்டும். தகரம் அடித்த வீட்டைப் பார்த்து நாமே ஒதுங்கிப் போனால், ஏப்ரலில் நம்மை ஒதுக்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

பள்ளிவாசலுக்கு வந்தவர்கள் வீட்டிலேயே ஒளு செய்து, விரிப்பைக் கையோடு கொண்டு வரவேண்டியிருந்தது. முகக்கவசம் மூக்கை மூட வேண்டும், தாடையை அல்ல. 2020-இல் 65 வயதைத் தாண்டியவர்களும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும், கர்ப்பிணிகளும் வீட்டிலேயே இருக்க அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள். ஐந்து மாதமாக ஏங்கிய பெரியவரிடம், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்வது கடினம்தான். இமாம் அவர்களே வீட்டுக்கு ஃபோன் செய்து சொன்னால் அந்தப் பெரியவரின் மனம் ஆறும்.

அரசிடமும் நமக்குக் கேட்க இருக்கிறது. மாவட்ட வாரியாகப் பரிசோதனை எண்ணிக்கையையும் தொற்றையும் சேர்த்தே வெளியிடுங்கள். விதியை மாற்றும்போது காரணத்தையும் சொல்லுங்கள், இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். நோயாளியின் மதமும் தெருவும் செய்தியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. நோயாளியைக் குற்றவாளியாகக் காட்டினால், அந்த வெறுப்பு எந்த மதத்தோடும் நிற்காது என்பதற்கு அது சாட்சி.

நோயிலிருந்து மீண்ட தப்லீக் ஜமாஅத்தினர் பலர் பிளாஸ்மா கொடுக்க வரிசையில் நின்றார்கள். நம் இளைஞர்கள் மதம் பார்க்காமல், சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை நல்லடக்கம் செய்தார்கள், தகனமும் செய்தார்கள். ஏப்ரல் மாதப் பழிக்குச் சமுதாயம் கொடுத்த பதில் அதுதான். அடுத்த பதிலை நம் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குவோம். இன்று வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்போம். இருந்தால், நாளைக் காலையிலேயே பரிசோதனைக்குக் கூட்டிச் செல்வோம். ஷிஃபா தருபவன் அல்லாஹ் ஒருவனே. மருந்தைத் தேடுவது நம் மீதுள்ள கடமை.